நேர்ந்துவிட்ட தாடி

எங்கள் வீட்டில் கார் கிடையாது, கார் நிறுத்த இடம் மட்டும் உண்டு. நெமிலிச்சேரியில் மனை வாங்கி வீடு கட்டியபோது, "பின்னாடி வாங்குவோம்ல" என்று சொல்லி என் கணவர் முன்பக்கம் ஒரு போர்ட்டிகோவை இழுத்துவிட்டார். வருஷங்கள் போயின. பையன் படித்து முடித்து வேலைக்கு வெளியூர் போனான். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் இவருக்கு மாலை போட்டு வழியனுப்பியும் வைத்தார்கள். கார் வரவில்லை. ஓய்வு பெற்ற கையோடு மரம் அறுக்கும் மெஷின் ஒன்று வந்தது. அதன் பின்னாலேயே உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் மெஷின், துளை போடும் மெஷின் என்று ஒரு குடும்பமே வந்து இறங்கியது. என் ஸ்கூட்டர் தெருவுக்குப் போய், வேப்பமரத்துக் காக்கைகளிடம் மாட்டிக்கொண்டது.

வேலைக்காலம் முழுக்க இரும்போடு மாரடித்தவருக்கு மரத்தின் மேல் இப்படி ஒரு மோகம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இடித்த வீடுகளின் பழைய தேக்கு நிலைகளையும் கதவுகளையும் தேடிப்பிடித்து வாங்கி வருவார். அது கிடைக்காத நாட்களில், மரத்தூளை அமுக்கிச் செய்கிறார்களே, அந்தப் பலகை. அறுப்பார், தேய்ப்பார், ஸ்டூல் செய்வார். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். ஸ்டூல்களோ ஒரு அன்பியத்துக்கே போதும். அன்பியம் என்பது எங்கள் மாதா கோயில் பங்கில் தெருவாரியாகக் கூடிச் செபம் சொல்லும் குழு. ஒருமுறை எங்கள் வீட்டில் செபம் நடந்தபோது ஒரு அம்மா செபமாலையின் நடுவில் ஸ்டூலோடு சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தார். "தரை மட்டம் சரியில்ல" என்று இவர் தரையைக் குற்றம் சொன்னார். அந்தத் தரையைப் போட்ட மேஸ்திரியிடம் தினமும் நின்று வேலை வாங்கியவரும் இவர்தான்.

ஸ்டூல் ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும், என் பகை தூசியோடு. கண்ணுக்குத் தெரியும் தூசி நல்ல பிள்ளை. கீழே விழும், பெருக்கி அள்ளலாம். தெரியாத தூசி ஒன்று இருக்கிறது, அதுதான் வில்லன். மெஷினை நிறுத்தி, இவர் கைகால் கழுவி, காபி குடித்து முடித்த பிறகும் அது காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். சன்னல் வழியாக வெயில் விழும்போது பார்த்தால் தெரியும். இட்லித் துணியில் இருக்கும், திரு இருதயப் படத்தின் கண்ணாடியில் இருக்கும், கொடியில் காயும் புடவையில் இருக்கும். நான் வாயைத் திறந்து திட்டினால் என் வாயிலும் இருக்கும். இருந்தாலும் திட்டினேன்.

சென்ற வருஷம் வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து கொடி இறக்கிய வாரத்தில் இவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். பிறகு இருமல், பிறகு படுத்தால் மூச்சு வாங்கியது, பிறகு உட்கார்ந்தாலும் வாங்கியது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உதடு நிறம் மாறிவிட்டது. நிமோனியா என்றார்கள். நுரையீரல் ஏற்கெனவே தூசியால் புண்பட்டுக் கிடந்ததால் சளி சுலபமாக இடம் பிடித்துக்கொண்டது என்றார்கள். விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, அதிலிருந்து வரும் எண்ணைத் திரையில் காட்டினார்கள். அந்த எண் ஏற ஏற நான் உட்காருவேன், இறங்க இறங்க எழுந்து நிற்பேன். ஒரு கட்டத்தில் அது இறங்கிக்கொண்டே போனது. என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வராந்தாவில்தான் நேர்ந்துகொண்டேன். "தாயே, இவருக்கு மூச்சைத் திருப்பிக் கொடு. அடுத்த வருஷக் கொடியேற்றம் வரைக்கும் இவர் தாடியில கத்தி படாது, கத்திரி படாது. உன் சந்நிதிக்கு வந்து இறக்கி வைப்பார்."

அவருடைய தாடியை நான் எப்படி நேரலாம் என்று வெளியாள் யாராவது கேட்கலாம். எங்கள் வீடுகளில் அப்படித்தான். நேர்வது ஒருவர், மொட்டை போடுவது இன்னொருவர். அம்மாக்கள் பிள்ளைகளின் முடியை நேர்வார்கள், அக்காக்கள் தம்பிகளின் கால்களை நேர்ந்து பாதயாத்திரைக்கு அனுப்புவார்கள். ஆக்சிஜன் மாட்டிக் கிடப்பவரை எழுப்பி, "ஏங்க, தாடி வளர்க்க உங்களுக்குச் சம்மதமா" என்று கேட்டுக்கொண்டா இருக்க முடியும்? அதோடு, இவர் தினமும் காலையில் வழுவழுவென்று மழித்து மீசையை மட்டும் கோடு பிடித்தாற்போல் வைத்துக்கொண்டு வேலைக்குப் போன மனிதர். அப்படிப்பட்டவரின் தாடி என்றால் மாதாவுக்கும் ஒரு மதிப்பு தெரியும் என்று எனக்குப் பட்டது.

எண் ஏறியது. பிழைத்து வீட்டுக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "கேட்டுட்டு நேர்ந்திருக்கலாம்ல" என்றார். ஆனால் மீறவில்லை. பொங்கல் வருவதற்குள் தாடி கழுத்தை மறைத்தது. பழைய ஏற்பாட்டிலிருந்து எழுந்து வந்து மின்சாரக் கட்டணம் கட்டப் போகிறவர் போல் இருந்தார். தெருமுனை வீட்டுக்காரர் ஏதும் துக்கமா என்று விசாரித்தார். கர்ப்பிணி மனைவிக்காகக் கணவன் சவரம் செய்யாமலிருக்கும் வழக்கம் தெரிந்த காய்கறிக்காரம்மா, "இன்னா நைனா, வூட்ல எதுனா விசேசமா?" என்று அவரிடமே கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற என் நரைத்த வகிட்டைப் பார்த்ததும் வெண்டைக்காயை எடை போடத் திரும்பிக்கொண்டார். அன்று முழுக்க இவர் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வெண்டைக்காய் தீய்ந்தது.

உடம்பு தேறியதும் மனிதர் மறுபடி போர்ட்டிகோவுக்குப் போனார். இந்த முறை தடுக்க முடியாத ஒரு காரணத்தோடு போனார். மே மாதம் மாதா வணக்க மாதம். எங்கள் அன்பியத்தில் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். அதை வைக்க ஒரு பீடம் செய்து தருவதாக இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். "மாதா வேலைம்மா, வேணாம்னு சொல்லாத" என்று என் வாயை அடைத்துவிட்டு மெஷினைப் போட்டார்.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் இவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், நகர்த்தினார், முகத்தைச் சுளித்தார்.

"மார்ல மறுபடி விசில் கேக்குதே. என்ன வேலை செய்றீங்க?"

"சும்மாதான் இருக்கேன் டாக்டர்."

"சும்மா இருக்கறவரா டாக்டர் இவரு?" என்று நான் ஆரம்பித்து, மெஷின் மெஷினாகச் சொல்லி முடித்தேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இங்க பாருங்க. அந்தத் தூசி நுரையீரலோட அடி வரைக்கும் போய் உக்காந்துக்கும், திரும்பி வராது. ஒண்ணு மரவேலையை விடுங்க. இல்லைன்னா தூசி உள்ளே போகாத மாதிரி சரியான மாஸ்க் போட்டுட்டுச் செய்யுங்க. போன தடவை மாதிரி இன்னொரு தடவை வந்தீங்கன்னா, திருப்பி வீட்டுக்கு அனுப்புவேன்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அவர் இதை என்னைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மெஷின்களின் மேல் போர்வையைப் போட்டு மூடினேன். ஒரு வாரம் இவர் எதையும் தொடவில்லை. பேப்பரில் வரி விளம்பரம் வரை படித்தார். வந்த தொலைபேசியை எல்லாம் எடுத்தார். பிறகு சமையலறைக்குள் வந்தார். கேரட் துண்டுகள் ஒரே அளவில் இல்லை என்று சொல்லி ஸ்கேல் எடுத்துவந்து அளந்து காட்டினார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சாயங்காலங்களில் போர்ட்டிகோ படியில் உட்கார்ந்து, போர்வைக்கு அடியில் கையை விட்டு, பீடத்துக்கு வைத்திருந்த தேக்கைத் தடவிக்கொண்டிருப்பார். முகம் செத்துப்போயிருக்கும். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சரி, மாஸ்க்கே வாங்குவோம் என்றேன். அது இவ்வளவு பெரிய பாடு என்று தெரிந்திருந்தால் கேரட்டையே அளக்க விட்டிருப்பேன்.

முதலில், கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிப்போன நீல மாஸ்க்குகள் ஒரு பெட்டி நிறையப் பரண் மேல் இருந்தன. போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தேய்த்தார். வந்து மூக்கைச் சிந்தினார். டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. அந்த மாஸ்க் எச்சில் தெறிக்காமல் தடுக்குமே தவிர, தூசிக்குக் கதவைத் திறந்துவைத்த சத்திரம். பெட்டி மறுபடி பரணுக்குப் போனது.

இரண்டாவதாக வந்தார் இவருடைய நண்பர். தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் வேலை பார்த்தவர், பட்டாபிராமில் வீடு. டாக்டர் சொன்னதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா மச்சான், இத்துக்குப் போயா டாக்டராண்ட போன? நாம வேல செய்யசொல்லோ மாஸ்க்கா போட்டுகினு இருந்தோம்? ஒரு துண்டு வெல்லத்த வாயில போட்டுக்கோ. தூசி மொத்தமும் அத்தோட வயித்துக்குப் பூடும். மேல ஒரு வாயப்பயம். அவ்ளோதான் மேட்டரு."

"அண்ணே, இவருக்குச் சக்கரை இருக்கு" என்றேன்.

"அப்ப நாட்டு வெல்லமா குடு தங்கச்சி."

வெல்லம் எப்படி நுரையீரலுக்கு வழி கண்டுபிடிக்கும் என்று கேட்டேன். அவர் "மாஸ்க்குதான் வோணும்னா நா ஏற்பாடு பண்றேன்" என்று எழுந்து போனார். மறுநாள் பழைய ராணுவச் சாமான்கள் விற்கும் கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். விஷவாயுவுக்குப் போடும் முகமூடி. இரண்டு வட்டக் கண்ணாடிகள், கீழே ஒரு தகர டப்பா, டப்பாவையும் மூக்கையும் சேர்க்க ஒரு ரப்பர்க் குழாய். எந்தக் காலத்தில் எந்தச் சண்டைக்குச் செய்தார்களோ, ரப்பர் முழுக்க வெடிப்பு, பழைய டயர் நாற்றம்.

"மில்ட்ரி அயிட்டம் மச்சான். குண்டு போட்டாலே ஒண்ணியும் ஆவாது, மரத்தூளு இன்னா பண்ணும்?"

ஆவடிக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பட்டாளத்துச் சாமான் என்றால் அதற்கு மேல் உலகத்தில் சாமான் கிடையாது. இவர் பரவசமாக மாட்டிக்கொண்டார். தாடியை வேறு கொத்தாகச் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் போடுகிறவர் கேட்டைத் திறந்தார். தும்பிக்கையோடு ஒன்று அவரைத் திரும்பிப் பார்த்து உள்ளிருந்து "ம்ம்ம்ம்" என்றது. அந்த ஆள் கேனைக் கைவிட்டுவிட்டு, "ஐயோ" என்று தெருவுக்கே ஓடிவிட்டார். "அங்க வை" என்றுதான் இவர் சொன்னாராம்.

கழற்றும்போது வந்தது வினை. தாடி வார்ப்பூட்டில் சிக்கிக்கொண்டது. நண்பர் உற்சாகமாக, "கத்திரி எடு தங்கச்சி" என்றார். கத்திரி படக்கூடாது என்பது நேர்ச்சை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து, முடி முடியாகப் பிரித்து விடுவித்தேன். இவர் முகமூடிக்குள்ளிருந்து கத்தியதில் பாதி என் பெயர், பாதி மாதா பெயர். அந்தச் சாமானை நண்பரிடமே கொடுத்து, அடுத்த சண்டை வரும்போது கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவதாக, மருந்துக் கடையில் கிண்ணம் மாதிரி இருக்கும் கெட்டியான மாஸ்க். பின்னந்தலையில் இரண்டு பட்டைகள். பார்க்க நம்பிக்கையாக இருந்தது. ஆனால் இவர் மூச்சு விட்டால் மூக்குக் கண்ணாடி பனி பிடித்தது. வேலை முடித்துக் கழற்றினால், மாஸ்க் மூடியிருந்த இடத்திலும் தாடிக்குள் மாவு தூவியது போல் தூசி. நல்ல மாஸ்க்தான், ஆனாலும் எங்கேயோ ஓட்டை. எங்கே என்று எங்களுக்குப் புரியவில்லை. இதற்கென்றே உள்ள கடையில் கேட்டுவிடுவோம் என்று அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனோம். ஹெல்மெட்டும் பூட்சும் கையுறையும் தோரணமாகத் தொங்கும் ஒரு கடை.

கல்லாவில் இருந்த பெண் சின்ன வயசுக்காரி. என்ன தூசி என்று கேட்டாள், வேலை வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டாள். பிறகு மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் முகமூடி ஒன்றை எடுத்துவைத்தாள். இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பு நிறத்தில் வட்டமான வடிகட்டிகள். இவர் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்த விதத்திலேயே, இதை விட்டுவிட்டு வீடு திரும்ப மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"போட்டுப் பாருங்க சார். ரெண்டு கையாலயும் ஃபில்டரை மூடிட்டு மூச்சை இழுங்க. காத்தே வரக்கூடாது. முகத்தோட அப்படியே ஒட்டணும்."

இவர் மூடினார், இழுத்தார். கன்னத்து ஓரமாகக் குக்கர் விசில் கிளம்பும் முன் வருமே, அப்படி ஒரு சீறல். பட்டையை இறுக்கினாள். மறுபடி சீறல். பெரிய அளவு கொடுத்தாள், சின்ன அளவு கொடுத்தாள். எல்லாவற்றிலும் சீறியது.

"தாடி சார்" என்றாள். "ரப்பர் தோல் மேல உக்காரணும். முடி மேல உக்காந்தா எவ்வளவு நல்ல மாஸ்க்கா இருந்தாலும் காத்து ஓரமாத்தான் வரும், தூசியும் அதோட வரும். எடுத்துட்டு வாங்க, மீசை இருந்தாக்கூடப் பரவாயில்ல."

"எடுக்க முடியாதும்மா. இது நேர்ச்சைத் தாடி."

அவள் அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். "அதுக்குன்னு சைஸ் இல்லையே சார்" என்றாள், உண்மையாகவே வருத்தப்பட்டு.

தாடிக்காரர்களுக்கென்று வேறு ஒன்று இருந்தது. தலையோடு சேர்த்து மூடும் கூடாரம், இடுப்பில் பேட்டரியோடு ஒரு மின்விசிறி, வடிகட்டிய காற்றைக் குழாய் வழியாக மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். தாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை. இவர் மாட்டிக்கொண்டார். உள்ளே குளுகுளுவென்று இருக்கிறதாம், கழற்றவே மனம் இல்லை. விலையைக் கேட்டதும் அவராகவே கழற்றி, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல் மேசை மேல் வைத்தார்.

ஸ்டேஷனுக்குப் போய், வந்து நின்ற வண்டியில் ஏறினோம். எனக்கு உள்ளே கொதித்தது. மூச்சுக்காகத்தான் தாடியை நேர்ந்தேன். இப்போது தாடி இருந்தால் மூச்சுக்குப் பாதுகாப்பில்லை. தாடியை எடுத்தால், மூச்சைக் கொடுத்தவளுக்குக் கொடுத்த வாக்குப் போச்சு. கொடியேற்றத்துக்கு இன்னும் எத்தனையோ மாதம். அதற்குள் அந்தப் பீடத்தை இவர் தேய்க்காமல் இருக்கப் போவதில்லை.

"எடுத்துடட்டுமா?" என்றார் கொரட்டூர் ஸ்டேஷனில். நாங்கள் இறங்க வேண்டியதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது கொரட்டூர். ஆத்திரத்தில் வண்டி மாறி ஏறியதை அப்போதுதான் கவனித்தோம்.

"எனக்குத் தெரியாது."

"நேர்ந்தவ நீதான். நீதான் சொல்லணும்."

எனக்குப் பயமாக இருந்தது. திரையில் அந்த எண் இறங்கியதைப் பார்த்தவள் நான், அவர் பார்க்கவில்லை.

அடுத்த சில நாட்கள் இவர் குறுக்கு வழிகளை முயன்றார். தாடியில் எண்ணெய் தடவிப் படிய வைத்தார், கிண்ணம் மாஸ்க் வழுக்கிக் கழுத்துக்கு வந்தது. சப்பாத்தி மாவு சுற்றி வைக்கும் பிளாஸ்டிக் தாளைத் தாடைக்குச் சுற்றினார், வேர்த்துப்போய்ப் பிசுபிசுத்தது. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்க வரிசையில் நின்றபோது, இவர் தலையும் தாடியும் ஏற்கெனவே தூசியால் வெளுத்திருந்தன. சாமியார் ஒரு கணம் தயங்கி, இவருக்கு வைத்தாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பூசை முடியும் மட்டும் இவர் இருமிக்கொண்டே இருந்தார். அதில் அந்த விசில் இருந்தது. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தேன். முழுக்கதையும் சொன்னேன். அவர் முகத்தைக் கவனமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"நேர்ந்தது யாரும்மா?"

"நான்தான் ஃபாதர்."

"தாடி யாரோடது?"

"அவரோடது."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"அவருக்கு அப்ப நினைவே சரியா இல்லை ஃபாதர்."

அவர் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிக்காதீங்க ஃபாதர், மனுஷனுக்கு மூச்சு வாங்குது" என்றேன்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. நேர்ச்சை நேர்ந்தவங்களை மட்டும்தான் கட்டும். அடுத்தவங்க தாடியை நீங்க நேர முடியாது. திருச்சபைச் சட்டமே அப்படித்தான் சொல்லுது. அவர் தாராளமா ஷேவ் பண்ணிக்கலாம்."

"அப்ப என் மாமியார் எங்க பையனோட முடியை நேர்ந்தாங்களே? தெருவுல ஆளாளுக்கு நேர்ந்துகிட்டு இருக்காங்களே? அதெல்லாம் கணக்குலயே இல்லையா?"

"அது கைக்குழந்தை. இவர் பென்ஷன் வாங்கறவர்." அவருக்கு மறுபடி சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நீங்க கேட்டது அவர் மூச்சைத்தானே? அதுக்குத் தாடி குறுக்கே நின்னா, மாதாவே எடுன்னுதான் சொல்லுவாங்க. அப்பவும் உங்களுக்கு மனசு கேக்கலைன்னா, உங்களோடதா ஏதாவது ஒண்ணைக் காணிக்கையாக் கொடுங்க."

செபமாலையையோ, ஏழைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டையோ மனதில் வைத்து அவர் சொல்லியிருப்பார். ஆனால் 'உங்களோடதா' என்ற சொல் என் தலையில் போய்த்தான் உட்கார்ந்தது. ரயில்வே கேட் பக்கம் வரும்போது என் கை தானாகப் பின்னலுக்குப் போனது. வகிடு நரைத்தால் என்ன, என் முடிக்கு இந்த வயதிலும் அடர்த்தி குறையவில்லை. கோயில் பாடகர் குழுவில் பின்வரிசைப் பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது என் பாட்டுக்காக இல்லை. வெளியில் சொல்ல மாட்டேன், எனக்கு அதில் கர்வம் உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட, உயிர் போகிற நேரத்தில், நான் எடுத்து நீட்டியது அவர் தாடியைத்தானே தவிர என் பின்னலை இல்லை. மாதா அதைக் கவனித்திருக்க மாட்டாள் என்றா நினைத்தேன்?

வீட்டில் சொன்னதும் இவர் கொதித்தெழுந்தார். "உனக்கு மொட்டை நல்லா இருக்காது."

"உங்களுக்குத் தாடி நல்லாவா இருக்கு?"

"நா மரவேலைய வுட்டுடறேன். மெஷினெல்லாம் வித்துடறேன். நீ முடிய எடுக்கக் கூடாது."

இத்தனை நாளாக டாக்டர் சொல்லியும் நான் கத்தியும் நடக்காதது, என் முடி என்றதும் நடந்தது. சொன்னதைச் செய்யக்கூடியவர். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. போர்வைக்கு அடியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒரு வாரத்து முகம் எனக்கு மறுபடி வேண்டாம். இவர் மூச்சும் எனக்கு வேண்டும், இந்தப் பைத்தியமும் வேண்டும். "கிளம்புங்க" என்றேன்.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். தனியாக இங்கே சலூனில் போய் மழித்துக்கொள்ள மாட்டாராம், நான் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துதான் கொடுப்பாராம். ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்து ஞாயிற்றுக்கு முன்பே வேளாங்கண்ணிக்குப் போனோம். முடியெடுக்கும் இடத்தில் இரண்டு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். என் தலையில் தண்ணீரைத் தெளித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னல் மடியில் விழுந்த கனத்தில் என் மனசு ஒரு நிமிஷம் நின்றே போனது. பக்கத்தில் இவர் குரல் மட்டும் கேட்டது. "மீசை இருக்கட்டும் தம்பி. ஆனா இந்த ஓரத்துல, ரப்பர் உக்கார்ற எடத்துல, ஒரு முடிகூட இருக்கக் கூடாது." அந்த நாவிதர் அங்கே எத்தனையோ வேண்டுதல்களைக் கேட்டிருப்பார், ரப்பருக்காக ஒருவர் வந்ததில்லை போலிருக்கிறது.

கண்ணைத் திறந்தால் பக்கத்தில் என் பழைய புருஷன் உட்கார்ந்திருந்தார். தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்து, மேலே கறுத்து, இரண்டு நிறத்தில் ஒரு முகம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் என் தலையைப் பார்த்துக் குழந்தை மாதிரி அழுதார். சந்தனத்தை அவரே வாங்கித் தன் கையால் என் தலையில் பூசிவிட்டார், காதுக்குப் பின்னால் கூட விடாமல்.

வந்த கையோடு அம்பத்தூர் கடைக்குப் போய், அந்த இளஞ்சிவப்பு வடிகட்டி முகமூடியை வாங்கினோம். மறுநாள் காலை போர்ட்டிகோவில் போர்வையை எடுத்தார். வாசல் பக்கம் காற்று போகும்படி மேசை மின்விசிறியை வைத்தார். முகமூடியை மாட்டி, பட்டைகளை இழுத்துச் சரிசெய்தார். பரிசோதனைக்கு அவர் கையை நான் நம்பவில்லை. "நவுருங்க" என்று சொல்லிவிட்டு, என் உள்ளங்கைகள் இரண்டையும் வடிகட்டிகளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"இழுங்க."

இழுத்தார். ரப்பர் முகத்தோடு உள்ளே ஒட்டிக்கொண்டது. காதை அருகில் கொண்டுபோய்க் கேட்டேன். எந்தப் பக்கமும் சீறல் இல்லை. முகமூடிக்கு மேலே அவர் கண்கள் பெரிதாகி என்னைப் பார்த்தன.

"காத்து வருதா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"கொஞ்சம்கூட வரலையா?"

இன்னும் வேகமாக ஆட்டினார். இந்த மனிதருக்குக் காற்று வரவேண்டும் என்று கெஞ்சி அழுதவள் நான். இப்போது, வரவில்லை என்று அவர் தலையாட்டியதைப் பார்த்து, மொட்டைத் தலையோடு நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி "நன்றி தாயே!" என்று கத்தினேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் என் மணிக்கட்டை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். பிறகுதான் நினைவு வந்து கையை எடுத்தேன்.